பதினெட்டுப் பெண்களும் ஒரு கையெழுத்தும்

மைசூர்,
1936 ஆகஸ்டு 9

கர்த்தருக்குள் பிரியமான தங்கை ஹில்டாவுக்கு,

அண்ணன் பர்னபாஸ் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. தேவகிருபையால் இங்கே நான் சுகம். கொள்ளேகாலில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். உன் வீட்டுப் பின் அறையைக் காலி செய்து வை. அடுத்த மாதம் பெட்டி படுக்கையோடு வந்துவிடுகிறேன். என் சனிக்கிழமை வகுப்பு முடிந்தது. முடித்து வைத்தவர்கள் என் மாணவிகளேதான்.

ரிஜிஸ்திரார் ஆபீசில் முப்பது வருஷம் குமாஸ்தாவாக உட்கார்ந்தவன் நான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே ரேகை வைத்து நிலத்தைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்து வயிறெரிந்துதான், பென்ஷன் வாங்கியதும் பள்ளிப்படிப்பை முடிக்கப்போகும் பெண்களுக்குச் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். மணியார்டர் எழுதுவது, ரயிலுக்கு டிக்கெட் எடுப்பது, வாடகைப் பத்திரத்தைப் படிப்பது எல்லாம் என் பாடம். காயத்துக்குக் கட்டுப் போடுவது நர்ஸ் மோலியின் பாடம். கட்டுத் துணிக்கே என் பென்ஷன் கரைந்து போனது. சர்க்கார் மானியம் வந்தால் வகுப்பு, இல்லாவிட்டால் பூட்டு என்று ஆனதால் விண்ணப்பம் போட்டேன். எழுதும்போது பேனா கொஞ்சம் தாராளமாக ஓடிவிட்டது. ‘ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை’ என்றும், ‘தோட்டக்கலையும் உண்டு’ என்றும் எழுதித் தொலைத்தேன்.

நேற்று இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டசாமி வந்தார். விண்ணப்பத்தில் இருப்பது உண்மை என்று மாணவிகள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. எங்கள் மாதேவி காகிதத்தை வாங்கினாள், உட்கார்ந்தாள், எழுத்தெழுத்தாகப் படிக்க ஆரம்பித்தாள். காகிதத்தின்மேல் பதினெட்டுத் தலைகள். இன்ஸ்பெக்டரின் காபி ஆறிப்போயிற்று.

“சார், ஸ்வல்ப நில்லுங்க. தோட்டக்கலைன்னா எது? பின்னால தானா முளைச்ச பப்பாளியா?”

“அதேதாம்மா, போடு” என்று பல்லைக் கடித்தேன்.

“அதுக்கு நாங்க தண்ணிகூட ஊத்தலையே சார்! உங்க தங்கச்சி மக கல்யாணத்துக்குப் போய் மூணு சனிக்கிழமை நீங்க வரலை. படிக்காம கையெழுத்துப் போடாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? படிச்சுட்டோம். பொய்யா இருக்கே, எப்படிப் போடறது?”

உன் வீட்டுக் கல்யாண வடை இப்படி வந்து தொண்டையில் நிற்கும் என்று யார் கண்டார்கள்? இன்ஸ்பெக்டர் கையெழுத்தில்லாத காகிதத்தை மடித்துக்கொண்டு போய்விட்டார். திட்டத்தான் எழுந்தேன், அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷத்தில் ஒரு ஆள்கூட என் மேஜைமுன் நின்று அப்படிக் கேட்டதில்லை, ஹில்டா. அந்தப் பிள்ளைகளை விட்டு வருவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் எல்லாரையும் கண்ணின்மணிபோல் காக்கட்டும்.

உன் அண்ணன்,
பர்னபாஸ்

பி.கு.: இதைத் தபாலில் போட மனசு வராமல் பதினைந்து நாள் வைத்திருந்தேன். இன்றைக்கு மானியம் சாங்ஷன் ஆகி வந்துவிட்டது! ‘சொல்லிக்கொடுத்தது பிள்ளைகளுக்கு நன்றாகவே ஏறியிருக்கிறது’ என்று இன்ஸ்பெக்டர் எழுதியிருக்கிறார். சந்தோஷத்தில், கூட வந்த ஒப்பந்தத்தில் நின்ற நிலையிலேயே கையெழுத்துப் போட்டுச் சேவகனிடம் கொடுத்தனுப்பினேன். நகலை மாதேவி பிறகுதான் படித்தாள். ஐந்து வருஷம், ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல், நானே நடத்த வேண்டுமாம், தோட்டக்கலை கட்டாயமாம். “நீங்க படிக்கலையா சார்?” என்றாள். பதினெட்டுப் பேரும் இன்னும் சிரித்து ஓயவில்லை. பின் அறைக்கு வேறு ஆள் பார். கத்தரி விதை இருந்தால் உடனே அனுப்பு.