டியூபாவுக்கு எழுதிய எழுபத்து நான்கு கட்ட மௌனம்

ஸ்கார்விக்,
மே 19, 1968.

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்கா போர்கில்டுக்கு, தம்பி எய்னார் தலை வணங்கி எழுதுவது. நானும் மாரித்தும் சுகம். உன் முழங்கால் வலியும், அத்தானின் வாயும் ஓரளவு அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி வந்து சேர்ந்தது. முக்கால்வாசி தீர்ந்தும் போயிற்று.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேண்டில் என் இடம் பிழைத்தது. உனக்குத் தெரியாததா? இருபத்திரண்டு வருஷமாக மூன்றாவது கார்னெட் குழல் ஊதுகிறேன். நான் ஊதினால் துறைமுகத்துக் கடற்காக்கைகள்கூடப் பக்கத்து ஊருக்குக் குடிபோகின்றன. ஆனாலும் என்னை வைத்திருந்தார்கள் என்றால் அது என் கையெழுத்துக்காகத்தான். இசையின் முழுப்பிரதியைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் அவரவர் தாளைத் தனியாக எழுதிக் கொடுப்பது என் வேலை. புது பேண்டு மாஸ்டர் அஸ்லாக் அம்மாள் மார்ச் மாதம் வந்தாள். வந்ததும் என் தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “எய்னார், எழுத்து அழகா இருக்கு. கல்யாணப் பத்திரிகை மாதிரி. ஆனா வாசிக்கிறவன் எங்க மூச்சு விடணும், எங்க எண்ணணும், எங்க பக்கம் திருப்பணும்னு ஒண்ணுமே தெரியல. மே பதினேழு தேசிய நாள் விழாவுல என் புது மெட்டு வாசிக்கிறோம். அன்னிக்கு உன் தாளால ஏதாவது கவுந்துச்சுன்னா, நீயும் உன் கார்னெட்டும் வீட்டுல உக்காந்து உன் பெண்டாட்டி மாரித்துக்கு வாசிச்சுக் காட்டுங்க” என்றாள். மாரித்திடம் சொன்னேன். “ஐயோ, அது மட்டும் வேணாம்! நல்லா எழுதுங்க” என்று அன்றிரவே எனக்குப் புது மைக்கூடு வாங்கித் தர வாக்குக் கொடுத்தாள்.

எழுதினேன் அக்கா, விழுந்து விழுந்து எழுதினேன். சுரங்களின் தண்டுகளெல்லாம் ஒரே உயரம். அழுத்திவாசி, மெதுவாய்வாசி என்ற குறிகளெல்லாம் கோட்டுக்குக் கீழே, ஒரே வரிசையில், படைவீரர்கள் மாதிரி. கோளாறு இரண்டே இரண்டு இடத்தில்தான். ஒன்று, பின்வரிசையில் அந்தப் பெரிய அடிக்குரல் குழலான டியூபா ஊதும் ஓட்வாருக்கு. அவனுக்கு நடுவில் எழுபத்து நான்கு தாளக் கட்டம் வேலையில்லை. நான் ஒரு தடித்த கோடு போட்டு மேலே 74 என்று எழுதி முடித்துவிட்டேன். மீன் பிடிக்கிறவனை எழுபத்து நான்கு வரை எண்ணச் சொன்னால் முப்பதாவது கட்டத்தில் அவன் மனம் படகில் ஏறிவிடாதா? ஏறிற்று. மூன்று வாரமும் ஒத்திகையில் ஒவ்வொரு தடவையும் தப்பான இடத்தில், தேவாலயத்துக்குள் மாடு நுழைகிற மாதிரி ‘பூம்’ என்று நுழைந்தான். இன்னொன்று, முதல் கார்னெட் சிக்வேக்கு. ஊரில் பாதிப் பேரின் பல்லைப் பிடுங்கியவன், நீகூட ஒன்றை அவனிடம் கொடுத்திருக்கிறாய். தனியாக அவன் மெட்டு வாசிக்கும் இடத்தின் நடு மத்தியில் பக்கம் முடிந்து போயிற்று. ஓய்வு வரும் இடத்தில்தான் பக்கம் திருப்ப விடவேண்டும் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அங்கே முடித்தால்தான் கடைசி வரி அழகாக அமைந்தது, நான் என்ன செய்ய? அதை மாற்றி எழுதச் சோம்பல். பக்கத்து நாற்காலி என்னுடையதுதானே, நானே திருப்பிவிடுகிறேன் என்று சிக்வேயிடம் சொல்லிவிட்டேன். அஸ்லாக்குக்குத் தெரியாது.

கடைசி ஒத்திகையில் அவள் கோலைக் கீழே வைத்துவிட்டு, “ஓட்வார், எங்கதான் இருக்கீங்க?” என்றாள். “லோஃபோட்டன் கடல் பக்கம், மீனோட” என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வீட்டுக்குப் போய் அவன் தாளை முறைப்படி திரும்ப எழுதினேன்: எழுபத்து நான்கை எட்டும் பத்துமாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் எழுத்துக் குறி போட்டு, அவன் நுழைவதற்கு முந்தின இடம் முழுவதும் கார்னெட்டின் மெட்டை அடையாளத்துக்குப் போட்டேன், காதில் விழுவதைத் தாளிலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அப்படிப் போடுவதைப் பொடியாகப் போடவேண்டும் அக்கா, ‘இது உனக்கில்லை’ என்று சொல்கிற மாதிரி. என் பொடி நிப்பால் மாரித் கேக் வெந்ததா என்று குத்திப் பார்த்து வளைத்து வைத்திருந்தாள். பெரிய நிப்பாலேயே எழுதி உறையில் ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

மே பதினேழு. ஊர்வலம் முடிந்தது, குழந்தைகள் ஐஸ்கிரீமோடும் கொடியோடும் சதுக்கத்தில் நின்றார்கள், மேயர் பேசினார், பேசினார், ஒருவழியாக நிறுத்தினார். அஸ்லாக் கோலைத் தூக்கினாள். என் கண் ஓட்வார் மேலேயே இருந்தது. அவனுக்காக நான் எண்ணினேன், வாயை அசைத்து எண்ணினேன், நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று சாமி கும்பிடுகிற மாதிரி எண்ணினேன். அப்போது என் கணுக்காலில் ஒரு உதை. இரண்டாவது உதை. ‘சிக்வே ஏன் உதைக்கிறான், பைத்தியமா?’ என்று நினைத்துக்கொண்டே நாற்பத்தைந்து எண்ணினேன். மெட்டு நின்றுவிட்டது. பக்கம்! நான் பக்கத்தைத் திருப்பவில்லை! மற்றவர்கள் ‘உம்-பா, உம்-பா’ என்று பொண்ணில்லாத கல்யாணத்துக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் என் கண் முன்னால் கடலுக்குள் நடந்து போயிற்று.

அந்த நேரத்தில்தான் பின்வரிசையிலிருந்து, அடிவயிற்றிலிருந்து, அந்த மெட்டு எழுந்தது. டியூபாவில்! ஓட்வார் கண்ணை மூடிக்கொண்டு, சற்றும் பிசகாமல், கடைசிவரை வாசித்தான். திமிங்கிலம் தாலாட்டுப் பாடுகிற மாதிரி இருந்தது. ஜனம் கைதட்டிற்று. மேயர் அழுதார், அது அவருக்குப் புதிதல்ல.

அஸ்லாக் நேரே என்னிடம் வந்தாள். “ஓட்வார் தாள்ல கார்னெட் மெட்டை எழுதி வெச்சது நீதானே?”

“ஆமா... அடையாளத்துக்கு...”

“அதான் சரியான முறை. ஒருத்தர் விழுந்தா இன்னொருத்தர் தாள்ல மெட்டு இருக்கணும். நீ திருந்திட்ட எய்னார். இருந்துக்கோ.”

சிக்வே எதையோ சொல்ல வாயைத் திறந்தான். ஒரு சாசேஜை அவன் வாயில் வைத்தேன்.

ஆக, முறைப்படி எழுதியதால் பிழைத்தேன். பொடியாக எழுதாதது தப்புதான். அந்தத் தப்புதான் ஓட்வாரை வாசிக்க வைத்தது என்பது உன்னோடு இருக்கட்டும். தெளிவாக எழுதுகிறவனைத் தெய்வம் கைவிடாது என்று உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமும் சொல். அத்தானுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம், முழங்காலுக்கு மீன் எண்ணெய்.

உன் தம்பி,
எய்னார்

பி.கு: இதை உறையில் போடும்போது ஓட்வார் வந்தான், கையில் இரண்டு கானாங்கெளுத்தியும் நான் கொடுத்த தாளும். தாள் வைத்த உறை ஒட்டினபடியே இருந்தது. “மழைக்கோட்டுப் பையிலயே மறந்துட்டேன்பா. பழசே இருந்துச்சு, அதுவும் கண்ணாடி இல்லாம எங்க தெரியுது?” என்றான். “அப்ப அந்த மெட்டு?” என்றேன். “எழுபத்து நாலு கட்டம் சும்மா உக்காந்து மூணு வாரமா கேட்டவனுக்கு மெட்டு தெரியாதா? அன்னிக்கு நின்னுபோச்சு. திரும்பி உன் மூஞ்சியப் பாத்தேன். பாக்க முடியல. அதான் ஊதுனேன்” என்றான். மீனை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். மேலே எழுதியிருப்பதைப் பிள்ளைகளிடம் சொல்லாதே.