அப்பாவின் கைக்கு நான் பூசிய நிறம்

நிறம் திருத்தத் தெரிந்தவனிடம் அவன் சொந்த வீட்டுக் கல்யாண வீடியோவை மட்டும் கொடுக்கக் கூடாது. அடுத்தவர் வீடியோ என்றால் வேலையைப் பார்ப்பான். சொந்த வீடு என்றால் பாசத்தைக் காட்டித் தொலைப்பான்.

இரண்டாயிரங்களின் நடுவில், நல்லூரில் இரண்டு பனியன் யூனிட்டுகளுக்கு இடையே ஓர் எடிட்டிங் கடை வைத்திருந்தேன். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மேசை விசிறி. (விசிறி கம்ப்யூட்டருக்கு, எனக்கல்ல.) தங்கையின் கல்யாணத்தை நானே எடுத்தேன். தாரை வார்க்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் இருமியது, எழவில்லை. முகூர்த்தம் காத்திருக்குமா? குத்துவிளக்கு வெளிச்சத்திலேயே சடங்கு நடந்தது.

கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தால் திரை முழுக்க இருட்டு. வெளிச்சத்தைக் கூட்டினேன். இருட்டு போனது, கலவரம் வந்தது. மாப்பிள்ளையின் முகத்தில் பாதி மாம்பழம், பாதி சிமெண்ட். தங்கைக்கு நெற்றி சிவப்பு, தாடை பச்சை. சிவப்பைக் குறைத்து, மஞ்சளைக் கூட்டி, ஒவ்வொரு முகமாகச் சமன் செய்தேன். கடவுளுக்கே கைகொடுத்து உதவுவதுபோல ஒரு நினைப்பு.

அப்போதுதான் அந்தக் கைகள் மேலெழுந்தன. அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. எந்தச் சோப்புக்கும் மசியாத நீலம் அவர் நகக்கண்களிலும் ரேகைகளிலும் குடியிருந்தது. இருட்டில் ஒளிந்திருந்த அந்த நீலம், நான் வெளிச்சம் ஏற்ற ஏற்ற, விடிகிற வானம்போல வெளியே வந்தது. தங்கையின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைக்கும் கைகள்.

மூலனூர்ச் சம்பந்தி வீட்டார் பார்ப்பார்களே என்று எனக்குக் கூசியது. அப்பாவின் கன்னத்து நிறத்தை எடுத்து அவர் கைக்குப் பூசினேன். கையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கை நகர நகர வட்டத்தையும் நகர்த்த வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. என்னிடம் இருந்ததோ பெருமை மட்டும். முடித்த கையோடு, கம்ப்யூட்டரில் ஏற்றியதை அழித்துவிட்டு, கல்யாணம் எடுத்த டேப்பின் மேலேயே வேறொரு வீட்டுக் காதுகுத்தையும் எடுத்துவிட்டேன். (டேப் மிச்சம் பிடிப்பதில் நான் கில்லாடி.)

மூலனூரில் விருந்து. சாப்பிட்ட கையோடு எல்லோரும் டிவி முன்னால்.

"அட, சினிமாவாட்டம் இருக்குதுங்க!" என்றார் சம்பந்தி. நான் அடக்கத்துடன் நெளிந்தேன்.

தாரை வார்ப்பு வந்தது. அப்பாவின் கைகள் பொம்மைக் கடையில் வாங்கி மாட்டியவைபோல வழவழவென்று நீண்டன. அவை விலகிய பிறகும் என் வட்டம் விலகவில்லை. குனிந்த மாப்பிள்ளையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளுவெளுவென வெளுத்தது.

"ஐயோ, என்ற பையன் மூக்குக்கு என்னாச்சுங்க?" என்று பதறினார் சம்பந்தியம்மா.

மாப்பிள்ளை மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஏனுங்க மச்சான், மூக்குக்கு மட்டும் ப்ளீச்சிங் போட்டுட்டீங்களா?"

வீடே சிரித்தது. அப்பா மட்டும் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"என்ற கை எங்க கண்ணு?"

"இதுதாங்கப்பா. வெளிச்சம் பத்தலீங்க. கொஞ்சம் சரி பண்ணுனேன்."

"ஓ." தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சரியில்லாமயா இருந்துச்சு?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டார்.

கிளம்பும்போது தங்கை என்னைத் தனியே இழுத்தாள். "அண்ணா, பழசை அப்படியே போட்டுக் குடுண்ணா. இருட்டா இருந்தாலும் பரவால்ல. எனக்கு அப்பா கைதான் வேணும்."

பழைய டேப்பில் ஏதோ ஒரு குழந்தை காதைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தது. அதை அவளிடம் எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. அவள் முகம் நினைவிருக்கிறது. அதைச் சமன் செய்ய எந்த மென்பொருளும் இன்னும் வரவில்லை.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷத்தில் கேமராக்காரர் நுழைந்தால், மாப்பிள்ளை கத்துவார்: "மச்சான் இருக்காருங்க, எல்லாரும் மூக்கைப் பொத்திக்குங்க!" எல்லோரும் பொத்திக்கொள்வார்கள். அப்பாதான் முதலில் சிரிப்பார்.

அவர் பட்டறையை விட்டுப் பல வருஷமாகிவிட்டது. நீலம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, கைகள் இப்போது நான் அன்று பூசிய நிறத்துக்கே வந்துவிட்டன. ஆனாலும் கேமரா திரும்பினால், அவை துண்டுக்குள் போய்விடுகின்றன.