லைவ்ல டோக்கன் போட்ட மாமா

அன்னைக்கு ஒரே ஒரு வேல. யூடியூப்ல லைவ் போய் அரை மணி நேரம் பேசணும். அவ்ளோதான்.

நான் சிதம்பரத்துல சர்க்கரை டாக்டர். டாக்டருங்க தாங்க பாத்த நோயாளிங்க கேஸ சோஷியல் மீடியாவுல எழுதிப் போட்டு, சண்டை போட்டு, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கத்துக்கறது இப்ப சகஜம். நானும் கால் புண்ணு பத்தி எழுதிக்கிட்டே இருந்தேன். அத சென்னைல ஒரு புரொபசர் படிச்சிருக்காரு. மாநாட்டுல பேச ஆள் எடுக்கறவரு!

"டாக்டருங்களுக்காக ஒரு லைவ் போங்கம்மா. நான் பாக்கறேன். நல்லா இருந்தா மேடை உங்களுக்கு"ன்னுட்டாரு.

எத்தன மாநாட்டுல கீழ உக்காந்து கைதட்டியிருக்கேன்! ஒரு தடவையாவது மேல ஏறணும்னு அவ்ளோ ஆசை எனக்கு.

கிளினிக்ல நெட் சுத்திக்கிட்டே இருக்கும். அதனால பஸ் ஏறி கடலூர்ல ரஹீம் மாமா வீட்டுக்குப் போயிட்டேன். மாமா ரொம்ப வருஷம் சவுதில இருந்துட்டு வந்தவரு. எந்த வேலை குடுத்தாலும் சொன்னதுக்கு மேலயே செய்வாரு. பிரச்சனையே அதான்.

"மாமா, நீங்க பக்கத்து ரூம்ல உக்காந்து கமெண்ட்ட மட்டும் பாத்துக்கங்க. யாராவது கன்னாபின்னான்னு எழுதுனா அடக்குங்க"ன்னு மாடரேட்டர் அதிகாரத்த அவருக்குக் குடுத்தேன். என் கையாலயே குடுத்தேன்!

"நீ தைரியமா பேசும்மா. கூட்டத்த நான் பாத்துக்கறேன்"னாரு.

என்ன கூட்டம்னு அப்பவே கேட்டிருக்கணும். கேக்கல.

லைவ் ஆரம்பிச்சேன். புரொபசர் வந்துட்டாரு. கூடவே கொஞ்சம் டாக்டருங்க. மொதல் ஸ்லைடு தாண்டல, கமெண்ட்ல ஒரு சலாம். யாருன்னு பாத்தா குறிஞ்சிப்பாடி சின்னம்மா! அவுங்களுக்கு துபாய் மச்சான் பதில் சலாம்.

சலாம் சொன்னா பதில் சொல்லாம இருக்க முடியுமா? சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா உள்ள வந்து எல்லாருக்கும் சலாம் சொல்ல, உள்ள இருக்கறவங்க அத்தன பேரும் அவுங்களுக்குப் பதில் சொல்ல, டாக்டருங்க கேட்ட கேள்வியெல்லாம் மேல ஓடிப்போய் காணாம போச்சு.

மாமா எல்லா குடும்ப குரூப்லயும் லிங்க் போட்டிருக்காரு. "நம்ம ஆயிஷா ஆன்லைன்ல பாக்கறா. ஃபீஸ் கிடையாது."

சின்னம்மா எழுதறாங்க: "கண்ணு, எனக்கு கால் புண்ணு இல்ல. முட்டி வலி. கேக்கலாமா?"

துபாய் மச்சான்: "ஷூ போட்டா சுண்டு விரல் வலிக்குது. பிரியாணிய நிறுத்தணுமா?"

லைவ்ல யாருக்கும் வைத்தியம் சொல்லக் கூடாது. நான் எதையும் பாக்காத மாதிரியே பேசிக்கிட்டு இருக்கேன். வேர்த்துக் கொட்டுது. அப்பதான் மாமா களத்துல எறங்குனாரு.

"யாரும் முண்டியடிக்காதீங்க. சலாம் சொன்ன வரிசைப்படி டோக்கன்."

போட்டாரு! சின்னம்மாவுக்கு ஒண்ணு, மச்சானுக்கு ரெண்டுன்னு போட்டுக்கிட்டே போறாரு.

அந்த நேரம் பாத்து புரொபசர் கேள்வி கேட்டாரு. "புண்ணு எலும்பு வரைக்கும் போயிருந்தா என்ன பண்ணுவீங்க?"

இதுக்காக ராவெல்லாம் படிச்சிருந்தேன். பதில் சொல்ல வாய தொறக்கறேன், அதுக்குள்ள மாமா பதில் போட்டுட்டாரு.

"பயப்படாதீங்க ஐயா, எங்க டாக்டர் பாத்துப்பாங்க. உங்களுக்கு முன்னாடி ஆளுங்க இருக்காங்க. உங்க டோக்கன் பதினாலு."

மேடை குடுக்கறவருக்கே டோக்கன்!

புரொபசர் விடல. "நான் புரொபசர்"னு எழுதுனாரு.

"யாரா இருந்தாலும் வரிசைதான் சார்."

"மாமா!"ன்னு கத்திட்டேன். லைவ்ல! பக்கத்து ரூம்ல இருந்து "நீ பேசும்மா, நான் பாத்துக்கறேன்"னு பதில் வருது. அதுவும் லைவ்ல!

அதுக்கப்புறம் புரொபசர்கிட்ட இருந்து ஒரு எழுத்து வரல. எலும்பு பத்தி படிச்சதையெல்லாம் காத்துல பேசிட்டு, நன்றி சொல்லி லைவ்வ நிறுத்திட்டு ஓடுனேன்.

"அவரு எங்க மாமா?"

"அந்த எலும்புக்காரரா? ரெண்டு தடவ சொல்லியும் கேக்கலம்மா. அஞ்சு நிமிஷம் எழுத முடியாம பண்ணிட்டேன். அப்புறம் அமைதியா உக்காந்துட்டாரு. நல்ல மனுஷன் பாவம்."

மேடையும் போச்சு, மானமும் போச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. மாமா டீ போட்டுக் குடுத்தாரு. அத குடிக்கறதுக்குள்ள போன் அடிக்குது. புரொபசர்!

"சார், மன்னிச்சிடுங்க சார், அவரு எங்க மாமா..."

"அவரு ஃப்ரீயாம்மா?"

"சார்?"

"எங்க மாநாட்டுல கேள்வி நேரம்னா நாலு பெரிய டாக்டருங்க மைக்க புடிச்சா விடமாட்டாங்க. எங்களால ஒண்ணும் பண்ண முடியல. உங்க மாமா என்னையே உக்கார வச்சிட்டாரு! அவர கூட்டிட்டு வாங்க."

"சார்... நானு?"

"நீங்களும் வாங்கம்மா. எலும்பு பதில் சரியா இருந்துச்சு. பத்து நிமிஷம் தர்றேன்."

அழுதுக்கிட்டே சிரிச்சேன். மாமாகிட்ட சொன்னது மட்டும்தான் தப்பு. மறுநாளே கடலூர்ல ஃப்ளெக்ஸ் வச்சிட்டாரு. கூலிங் கிளாஸோட ஆளுயரத்துக்கு மாமா.

கீழ வாழ்த்துறவங்க வரிசைல, ஸ்டாம்ப் சைஸ்ல, சின்னம்மாவுக்குப் பக்கத்துல ஒரு மூஞ்சி இருக்கு பாருங்க. அதான் பேசப் போற டாக்டர்.