பதினொரு வேட்டியும் ஒரு மூங்கிலும்

கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். அடுப்பை அணைத்துவிட்டுப் படுக்கப் போனால் பாதி வழியில் திரும்பி வந்து சாம்பலைக் கிளறிப் பார்ப்பேன். குழந்தை தூங்கினால் மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன் (அதனாலேயே அது விழித்துக்கொண்டு வீரிடும், அது தனிக் கதை). இவ்வளவு சந்தேகப்படுகிறவளிடம் தவறே நடக்காது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் எங்களைப் போன்றவர்கள் பத்து விஷயத்தைப் பத்து முறை சரிபார்ப்போம். பதினோராவது விஷயம் கொல்லைப்புறத்தில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

என் பதினோராவது விஷயம் ஒரு மூங்கில்.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதான் சுதந்திரம், கிடைத்த அந்த ஆவணியில் எனக்கு இருபத்திரண்டு வயது, மகளுக்கு ஆறு மாதம். மலாக்காவின் காஜா பேராங்கில் மாமனாருக்கு எட்டு அறைகள் கொண்ட ஒரு விடுதி இருந்தது. சிரம்பான், மூவார் பக்கமிருந்து கல்யாணத்துக்கு வருகிறவர்கள் எங்களிடம்தான் தங்குவார்கள். திருப்தியாகப் போனால் அடுத்த முகூர்த்தத்துக்கும் வருவார்கள். முகம் சுளித்துப் போனால் அந்தச் செய்தி அவர்களுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். எங்கள் வீட்டுச் சோறு அந்த முகங்களை நம்பித்தான் வெந்தது.

விடுதியை உண்மையில் நடத்தியவர் மாமியார். அந்த மாதம் நாத்தனாரின் பிரசவத்துக்காக அவர் ஈப்போவுக்குப் போக வேண்டியிருந்தது. சாவிக்கொத்தை என் கையில் வைத்து, "படிச்ச பொண்ணு நீ, பாத்துக்குவே. சிரம்பான்காரங்க தங்க வர்ற கல்யாணத்துக்கு மொத நாளு நான் வரப் பாக்குறேன். வர முடியலன்னா வேற ஒண்ணும் புதுசா செய்யாதே, நடக்குறத நடக்க விடு" என்றார்.

'படிச்ச பொண்ணு' என்பது மட்டும் என் காதில் நன்றாக விழுந்தது.

அந்த வருடம் மழை ஏமாற்றியிருந்தது. கிணற்றில் வாளி தரையைத் தட்டும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. கான்வென்டில் குடும்ப நிர்வாகப் பாடத்தில் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். நாடே சொந்தக் காலில் நிற்கப்போகிறது, ஒரு விடுதி நிற்காதா என்று தோன்றியது. மாமியார் பஸ் ஏறிய மறுநாளே சீர்திருத்தத்தைத் தொடங்கிவிட்டேன்.

குளியலறை வாளிகளில் பாதி உயரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டேன். அதற்கு மேல் தண்ணீர் பிடிக்கக் கூடாது. தேய்ந்துபோன சோப்புத் துண்டுகளைச் சேர்த்து உருக்கி, பலவித வாசனையில் பல நிறத்தில் ஒரே கட்டியாக்கினேன் (ஒரு விருந்தாளி அதை அல்வா என்று நினைத்து எடுத்த சம்பவத்தை இங்கே விவரிக்கப் போவதில்லை). விறகுக்குப் பதில் தேங்காய் ஓடு. சோறு வெந்த சூட்டிலேயே குளிக்க வெந்நீர். அரிசி கழுவிய தண்ணீர் கீரைப் பாத்திக்கு.

எல்லாவற்றுக்கும் மகுடம் மூங்கில். குளியலறைச் சாக்கடை வாயில் ஒரு நீண்ட மூங்கிலை இரண்டாகப் பிளந்து, வாய்க்கால்போல் வைத்தேன். ஒரு பக்கம் திருப்பினால் குளித்த தண்ணீர் வாழை மரங்களுக்குப் போகும். இன்னொரு பக்கம் திருப்பினால் துவைக்கும் பீப்பாய்க்குள் விழும். படுக்கை விரிப்புகளை முதலில் அந்தத் தண்ணீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைத்து, பிறகு கிணற்று நீரில் ஒருமுறை அலசினால் போதும். வாளி வாளியாக மிச்சம். எனக்கே என்னை நினைத்தால் பெருமையாக இருந்தது.

துணி துவைக்கும் அஞ்சலை அக்காவுக்குத்தான் பிடிக்கவில்லை.

"தங்கச்சி, குளிச்ச தண்ணியக்கூட விடமாட்டியா நீ? இன்னும் கொஞ்ச நாளுல ஆளுங்க வேர்வையக்கூட புழிஞ்சி வைக்கச் சொல்லுவ போலருக்கே!"

"சிக்கனம்கா."

"என்னா சிக்கனமோ. ஒங்க மாமியா வரட்டும்."

கல்யாணத்துக்கு முதல் நாள் சிரம்பான் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். தலைமை தாங்கி வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன். ரயில்வேயில் கார்டாக இருந்தவர். பேசினாலே வண்டி புறப்படப் போகிறது என்று தோன்றும். வந்ததும் ஒரு மூட்டையை நீட்டினார்.

"ஏம்மா, புது வேட்டி. பதினொண்ணு. எல்லாம் ஒரே மாரி கட்டணும்னு நானே எடுத்தது. கஞ்சி மொறமொறன்னு குத்துது. ஒரு தடவ ஊறப்போட்டுக் காயவச்சிக் குடுத்துருவியா? நாளைக்குப் பதினொரு மணிக்கு முகூர்த்தம். பத்துக்கெல்லாம் நாங்க கோயில்ல நிக்கணும்."

"கண்டிப்பா மாமா. காலையில பசியாறிட்டு வர்றதுக்குள்ள மடிச்சி வச்சிருப்பேன்."

அப்போதுதான் சந்தேகங்கள் வரிசையாக வந்தன. புது வேட்டியைக் குளித்த தண்ணீரில் போடுவதா? பாவம் இல்லையா? யோசித்து யோசித்து, பீப்பாயைக் கழுவிக் கவிழ்த்து, நல்ல கிணற்று நீரைப் பாதி நிரப்பி, சோடா கலந்து, பதினொரு வேட்டியையும் முக்கி, தூசி விழாமல் பலகையால் முக்கால்வாசி மூடினேன். மூங்கிலுக்காகக் கால்வாசி திறந்தே இருந்தது. அடுத்தது, மூங்கிலை வாழை மரத்துப் பக்கம் திருப்ப வேண்டும்.

கை மூங்கிலில் பட்டது. உள்ளே குழந்தை அழுதது. ஓடினேன்.

அவ்வளவுதான் நடந்தது. இதைவிடப் பெரிய குற்றம் எதுவும் நான் செய்யவில்லை என்பதை எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன்.

அன்று பிற்பகல் மாப்பிள்ளைக்கு நலங்கு வைத்தார்கள். சிரம்பான்காரர்கள் மஞ்சள் விஷயத்தில் கை தாராளமானவர்கள். அத்தைமார், சித்திமார், அண்ணிமார் என்று ஆளுக்கு ஒரு கை அள்ளி, அந்தப் பையன் உச்சி முதல் பாதம் வரை தங்கச் சிலையாகும்வரை பூசினார்கள். பிறகு குளியலறையில் உட்காரவைத்து, என் சுண்ணாம்புக் கோட்டை மதிக்காமல், குடம் குடமாக ஊற்றினார்கள். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றேன். 'இவ்வளவு தண்ணீரும் வீணாகாமல் எங்கேயோ போகிறது' என்றுகூட நினைத்தேன். எங்கே என்று மட்டும் நினைக்கவில்லை.

சாயங்காலம் மாமியாரிடமிருந்து தந்தி வந்தது: பேரன் பிறந்திருக்கிறான், நாளை மறுநாள்தான் வர முடியும். படுக்கப் போகுமுன் வாசல் கேட்டை மூன்று முறை பார்த்தேன், அடுப்பை நான்கு முறை.

காலை ஆறரை மணிக்கு அஞ்சலை அக்காவின் குரல் கொல்லையில் கேட்டது.

"ஐயோ, கொலை!"

ஓடினேன். பீப்பாய்ப் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். உள்ளே, சிவப்பு. இளஞ்சிவப்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாத, அப்பட்டமான செங்கல் சிவப்பு. அதில் பதினொரு வேட்டிகள் சுருண்டு கிடந்தன.

மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது தெரியாத தமிழ்ப் பெண் உலகத்தில் உண்டா? எத்தனை பேருக்கு ஆரத்தி கரைத்திருக்கிறேன்! முதல் நாள்கூட அந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு வாசலில் நான்தான் ஆரத்தி எடுத்தேன். சோடாவும் சுண்ணாம்பின் வேலையைச் செய்யும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. தட்டில் கரைக்க வேண்டியதை நான் பீப்பாயில் கரைத்திருந்தேன்.

மூன்று தண்ணீர் மாற்றி அலசினோம். (சிக்கனம் அந்த நிமிடமே செத்துவிட்டது.) சோப்புப் போட்டோம், இன்னும் சிவந்தது. என் வீட்டுக்காரர் பல் குச்சியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"வெளுத்துருமா?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரிஞ்சி இப்போ வெளுத்திருக்கிறது ஒன் மொகம் மட்டுந்தான்" என்றார். பிறகு என் கண்ணைப் பார்த்துவிட்டு, "சரி, அழாதே. கடைத்தெருவுல வேற வேட்டி கெடைக்குதான்னு பாத்துட்டு வரேன்" என்று சைக்கிளை எடுத்தார். கடைகள் திறக்க ஒன்பது ஆகும் என்பது இருவருக்கும் தெரியும்.

அதற்குள் ரயில்வே மாமா வந்துவிட்டார். பனியனும் சிலுவார் கால்சட்டையும் போட்டு, மீசையைத் தடவிக்கொண்டே வந்தவர், கொடியில் தொங்கிய முதல் வேட்டியைப் பார்த்ததும் தடவுவதை நிறுத்தினார்.

"என்னாம்மா இது? நாங்க கல்யாணத்துக்கு வந்தோமா, கெடா வெட்ட வந்தோமா?"

மாமியார் திரும்பி வந்து சாவிக்கொத்தைக் கேட்கும் காட்சி கண்முன் ஓடியது.

"கொஞ்சம் உக்காருங்க மாமா. ஜூஸ் கொண்டு வரேன்" என்றேன்.

வீடே பற்றி எரிந்தாலும் வந்தவருக்குக் குடிக்கக் கொடுக்காமல் இருக்க முடியாத வளர்ப்பு எங்களுடையது. அடுப்படிக்குள் போய், கண்ணீர் வழிய, சின்ன எலுமிச்சைகளை, இங்கே லிமாவ் கஸ்தூரி என்பார்களே அதை, கோப்பையில் பிழிந்தேன். அலசி அலசி என் பத்து விரலும் வேட்டியைப்போலவே சிவந்திருந்தன. சாறு வழிந்த இடத்தில் ஒரு விரல் மஞ்சளாக மாறியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். மஞ்சள்தான். அடுத்த விரலில் பிழிந்தேன். மஞ்சள். சந்தேகம் தீராமல் மூன்றாவதிலும் பிழிந்தேன் (என் வியாதி அப்படி).

வெள்ளையாக்க வழி இல்லை. ஆனால் கல்யாண வீட்டில் மஞ்சளைப் பார்த்து யார் முகம் சுளிப்பார்கள்?

வீட்டில் இருந்தது ஏழே பழம். வேலிக்கு அந்தப் பக்கம் மீனாச்சி அக்கா வீட்டில் மரமே இருந்தது. அவர் மலாக்காச் செட்டிக் குடும்பம். தமிழ்ப் பெயர், தமிழ்ச் சாமி, பேச்சு மட்டும் மலாய். நான் மூச்சு வாங்க வேலியோரம் நின்று எனக்குத் தெரிந்த மலாயில் விஷயத்தைச் சொல்ல, அவர் கொடியைப் பார்த்து, "அலாமாக்!" என்று கன்னத்தில் கை வைத்தார். மறு நிமிடம், "அம்பில் லா, அம்பில் செமுவா!" என்று கிளையையே வளைத்து உலுக்கினார். எல்லாவற்றையும் எடுத்துக்கொள் என்கிறார். அதோடு நிற்காமல், ஆச்சார் ஊறுகாய் போட வைத்திருந்த புளிக்காடி மூன்று போத்தலையும் வேலிக்கு மேல் நீட்டினார்.

அஞ்சலை அக்காவும் நானும் மீனாச்சி அக்காவுமாகப் பிழிந்தோம், முக்கினோம், முறுக்கினோம். வேட்டிகள் ஒவ்வொன்றாகச் சிவப்பிலிருந்து மஞ்சளாயின. நல்ல, நிறைவான, முகூர்த்த மஞ்சள். ரயில்வே மாமா ஜூஸ் கோப்பையோடு நின்று, ஒரு ஸ்டேஷனில் சிக்னல் விழுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவப்பு நிக்கச் சொல்லும். மஞ்சள்னா, பாத்துப் போகலாம்" என்று கடைசியில் சொன்னார்.

ஒன்பதரைக்கு என் வீட்டுக்காரர் இரண்டே இரண்டு வேட்டியோடு திரும்பி வந்தார். மாமா அவற்றைத் தொடவில்லை. "ஒம்போது மஞ்சள், ரெண்டு வெள்ளைன்னா தப்பு நடந்திருக்குன்னு தெரிஞ்சிரும். பதினொண்ணும் மஞ்சள்னா அது வழக்கம்" என்றார். அவரை ரயில்வே எதற்காக வேலையில் வைத்திருந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது.

வேட்டிகள் முழுதாகக் காயவில்லை. பதினொரு பேரும் கோயில்வரை நடந்தே போனார்கள், வேட்டி நுனியைக் காற்றில் விரித்துப் பிடித்தபடி. நடுவில் வெள்ளைப் பட்டு வேட்டியில் மாப்பிள்ளை. பெட்டிக்குள் இருந்ததால் என் கைக்குத் தப்பிய ஒரே வேட்டி அது. வெயிலில் அந்த ஊர்வலம் அழகாகத்தான் இருந்தது. காற்று நம் பக்கம் அடித்தபோது மட்டும் ஆச்சார் வாசனை வந்தது.

கோயில் வாசலில் பெண்ணின் அப்பா திகைத்துப்போய் நின்றார். "என்னாங்க, எல்லாரும் மஞ்சள்ல..."

ரயில்வே மாமாவின் மீசைகூட அசையவில்லை.

"எங்க வழக்கங்க. மாப்பிள்ளைக்கு நலங்கு வச்சிக் குளிப்பாட்டுன தண்ணியில சொந்தக்காரங்க வேட்டிய ராத்திரி பூரா ஊறவச்சிக் கட்டிக்கிட்டு வருவோம்."

யோசித்துப் பாருங்கள், அதில் 'எங்க வழக்கம்' என்பதைத் தவிர ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பெண்ணின் அப்பா நெகிழ்ந்துபோய்க் கைகூப்பினார். "இந்தக் காலத்துல இதையெல்லாம் யாருங்க விடாம செய்யுறாங்க!" தூணுக்குப் பின்னால் நின்ற நான் குழந்தையின் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

மறுநாள் மாமியார் வந்தார். நானே எல்லாவற்றையும் சொல்லிச் சாவிக்கொத்தை நீட்டினேன். அவர் கொல்லைக்குப் போனார். மூங்கிலை வாழைப் பக்கம் திருப்பினார், பீப்பாய்ப் பக்கம் திருப்பினார், மறுபடி வாழைப் பக்கம். கிணற்றை எட்டிப் பார்த்தார். அவர் ஈப்போ போனபோது இருந்ததைவிட இரண்டு முழம் தண்ணீர் ஏறியிருந்தது.

"மூங்கில் இருக்கட்டும். மஞ்சளுக்குத் தனிப் பீப்பாய் வாங்கிக்கலாம்" என்றார். சாவிக்கொத்தை வாங்கவே இல்லை.

இன்று வரை மூங்கில் இருக்கிறது. (இரண்டு முறை மாற்றியாயிற்று.) வெள்ளைச் சட்டையோடு யார் தங்க வந்தாலும் என் வீட்டுக்காரர் என்னைக் காட்டி, "பெட்டியப் பூட்டிட்டுத் தூங்குங்க" என்பார்.

போன மாதம் சிரம்பானுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். ரயில்வே மாமாவின் பேத்திக்கா, யாருக்கோ. மண்டபத்துக்குள் நுழைந்ததும் என் ஒன்பது வயது மகள் கையைப் பிடித்து இழுத்தாள். வரிசையாகப் பதினொரு ஆண்கள், பதினொரு மஞ்சள் வேட்டிகள். அவள் சும்மா இருப்பாளா? பக்கத்தில் நின்ற ஓர் இளைஞனிடம் கேட்டே விட்டாள்.

"இது எங்க குடும்பத்து வழக்கம் பாப்பா," என்றான் அவன் பெருமையாக. "பதினொரு பேருதான் கட்டணும், மாப்பிள்ளை மட்டும் வெள்ளை. கொஞ்சம் எலுமிச்சையும் காடியும் கலந்து அலசணும். ஏன், எதுக்குன்னெல்லாம் தெரியாது, பெரியவங்க சொல்லியிருக்காங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க மலாக்காதானே ஆன்டி? ஒங்க வீட்டுல இந்த வழக்கம் இல்லையா?" என்றான்.

என் வீட்டுக்காரர் இருமத் தொடங்கினார்.

"இருந்துச்சி தம்பி," என்றேன். "ஒரே ஒரு தடவ."