ஜிலேபி மீனும் இருபத்து மூன்று கையெழுத்தும்

ஆராய்ச்சிக்காரர்களில் பல ரகம் உண்டு. அதில் பல நாட்டுக் கூட்டமைப்பு ஆராய்ச்சிக்காரர் தனி ரகம். ஒரே ஒரு நாட்டின் கொள்கையை ஆராய்பவரை அந்த நாட்டுக்காரர்களாவது திட்டுவார்கள். ஏழெட்டு நாடுகளின் கொள்கைகளைச் சேர்த்துப் பிசைந்து ஆராய்பவரை யாரும் திட்டுவதில்லை, ஏனென்றால் யாருக்கும் அது புரிவதில்லை. இதைவிட நிம்மதியான பிழைப்பு உலகத்தில் உண்டா?

நம்முடைய டாக்டர் பியாருகாபாவையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லையில் சரக்கு ஏன் தாமதமாகிறது என்று பன்னிரண்டு வருஷமாக ஆராய்கிறார். விமானத்தில் பறந்தே பழகியவர், எந்த எல்லைக் கதவையும் நடந்து தாண்டியதில்லை. வீட்டுக் கூரை ஒழுகினால்கூட, அண்டை நாடுகளில் எப்படி ஒழுகுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் வாளி வைக்கமாட்டார். அதுவரை மனைவிதான் வாளி.

போன மாதம் அவர் எங்கள் ஊருக்கு வந்தார். உகாண்டாவும் கென்யாவும் முட்டிக்கொள்ளும் இந்த ஊரில், எல்லைக் கதவிலிருந்து இருநூறு அடி தள்ளி ஒரு ஓட்டலில் கூட்டம். தலைப்பு, தாமத ஒழிப்பு.

அன்று காலை நப்விரே என்ற மீன்காரி, நாற்பது கிலோ ஏரி ஜிலேபி மீனைப் பனிக்கட்டியில் புதைத்து, தள்ளுவண்டியோடு கதவருகே வந்து நின்றாள். மீன் நன்றாக இருக்கிறது என்று அதிகாரி எகிராபா சான்றில் கையெழுத்துப் போட்டால்தான் கதவு திறக்கும். அந்த வாரம் ஏற்கெனவே ஒரு வண்டி மீன் அழுகிப்போயிருந்தது. இதுவும் அழுகினால், அந்தப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள். நப்விரே வீட்டில் அடுப்பு எரியாது.

"ஐயா இல்லையே" என்றான் அலுவலகக் காவலாளி. "தாமதத்தைக் குறைக்கிற கூட்டத்துக்குப் போயிருக்காரு. சாயங்காலம்தான் வருவாரு."

நப்விரே வண்டிக்கு ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு, சான்றுத்தாளோடு ஓட்டலுக்கு ஓடினாள். வாசலிலேயே பியாருகாபா பிடித்துக்கொண்டார்.

"வாங்கம்மா, வாங்க! உங்கள மாதிரி மக்களத்தான் பன்னெண்டு வருஷமா தேடிட்டிருக்கேன்!"

"நான் அந்தக் கதவுகிட்டதான்யா இருபது வருஷமா நிக்கிறேன்."

கழுத்தில் பெயரட்டை மாட்டி, உட்காரவைத்து, கையில் மந்தாசி என்ற எண்ணெய்ப் பலகாரமும் தேநீரும் கொடுத்துவிட்டார். அவள் முன்வரிசையைக் காட்டினாள். "அந்த எகிராபா ஐயா ஒரு கையெழுத்துப் போட்டா போயிருவேன்."

"அது உங்க ஒருத்தருக்கான தீர்வும்மா. நாம எட்டு நாட்டுக்கும் சேர்த்துத் தேடறோம்."

"நல்லாத் தேடுங்கய்யா. பனிக்கட்டி உருகுது."

பியாருகாபா 'பனிக்கட்டி' என்று குறித்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்துக் கூட்டங்களில் பேசவந்தவர் எவரும் நேரே விஷயத்துக்கு வந்துவிட முடியாது. அமைச்சரின் பிரதிநிதி, மாவட்டத் தலைவர், பிஷப், காவல்துறை என்று பதவி வரிசையில் எல்லோருக்கும் வணக்கம் சொல்லியாக வேண்டும். மூன்றாவது பேச்சாளர் பிஷப்பை விட்டுவிட்டார். அதனால் முதலிலிருந்து தொடங்கினார். நப்விரே எழுந்து எகிராபாவிடம் தாளை நீட்டினாள்.

"கூட்டம் நடக்குதுல்லம்மா! எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு."

முறை என்னவென்று அவளுக்கு அடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வருகைப்பதிவுக் கட்டு சுற்றிவந்தது. அதில் கையெழுத்துப் போடாதவருக்குக் கூட்டத்துக்கு வந்த படிப்பணம் கிடையாது. ஆகவே, பேச்சைக் கேட்காதவர்கள் உண்டு, கண்ணைத் திறக்காதவர்கள்கூட உண்டு, அதில் கையெழுத்துப் போடாதவர் இல்லை. அதைப் படித்தவரும் இல்லை.

நப்விரே மீன்வாடை அடிக்கும் தன் தாளைக் கட்டின் மேலே செருகி, பவ்வியமாக முன்வரிசைக்குக் கொடுத்தாள்.

எகிராபா போட்டார். பழக்கதோஷம், சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து அதையும் குத்தினார். பிஷப் போட்டார். ஓரத்திலும் பின்பக்கத்திலும் மற்றவர்கள் போட்டார்கள். பியாருகாபா தன் பட்டங்கள் அத்தனையும் சேர்த்துப் போட்டார். மொத்தம் இருபத்து மூன்று. கட்டு திரும்பி வந்ததும் நப்விரே தன் தாளை உருவிக்கொண்டு கதவுக்கு ஓடினாள்.

கதவுக் காவலர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னம்மா இது, பிஷப்பெல்லாம் போட்டிருக்காரு! யாரு வீட்டு மீன்?"

"கூட்டமைப்பு மீன்யா."

சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார். மீனும் தப்பியது, அடுப்பும் தப்பியது.

பியாருகாபாவின் அறிக்கை இப்போது வெளிவந்திருக்கிறது. கூட்டத்தின் பயனாக அன்றே ஒரு மீன் வண்டி நான்கே நிமிஷத்தில் எல்லையைக் கடந்ததாம். கதவுப் பதிவேடே சாட்சி. நப்விரே காலையிலிருந்து தவித்த ஐந்து மணி நேரம், 'பொதுமக்கள் பங்கேற்பு' என்ற வேறொரு அத்தியாயத்தில் பெருமையாக இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். இருக்கட்டும், நீங்கள் கடைசியாகக் கையெழுத்துப் போட்டீர்களே ஒரு தாள், அதில் என்ன எழுதியிருந்தது? நினைவில்லையா? எதற்கும் விரலை ஒருமுறை முகர்ந்து பாருங்கள்.