சூரணம் அண்ணாச்சியின் தொந்தி

சங்கரன்கோவிலுக்குப் போனால் முதலில் கண்ணில் படுகிற அதிசயம் ராஜகோபுரம். இரண்டாவது அதிசயம் சூரணம் அண்ணாச்சியின் தொந்தி. நான் மிகைப்படுத்தவில்லை. கோபுரமாவது ஒரே இடத்தில் நிற்கும். தொந்தி நம்மைப் பார்த்ததும் எழுந்து வந்து வரவேற்கும்.

ரத வீதி முனையில் ஒரு மேசை, வரிசையாகக் கண்ணாடி பாட்டில்கள், ஒரு எடை மெஷின். தலைக்கு மேல் 'உடல் இளைக்க ஒரே வழி' என்று போர்டு. அந்தப் போர்டுக்கு நேர் கீழே, அதை மறுப்பதற்கென்றே வந்தவர் போல அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். வெந்தயம், ஓமம், சீரகம், சுக்கு, கருஞ்சீரகம், இன்னும் அவர் சொல்லாத சில சாமான்கள், எல்லாவற்றையும் வறுத்து இடித்த பொடிதான் அவருடைய சூரணம். சொந்தப் பெயர் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. கேட்டால், "பேரு கெடக்கு, பொடியைப் பாரும் வே" என்பார்.

"அண்ணாச்சி, நீங்க இதைக் குடிக்கலியா?" என்று தொந்தியைப் பார்த்துக் கேட்காத வாடிக்கையாளர் கிடையாது. பதில் தயாராக இருக்கும்.

"பஸ் ஓட்டுத டிரைவரு டிக்கெட் எடுப்பானா வே?"

கேட்டவர் இதை யோசித்து முடிப்பதற்குள் பொட்டலம் கைக்கு வந்துவிடும்.

நான் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையில் அந்த ஊருக்கு மாற்றலாகிப் போனவன். மனைவியும் பிள்ளைகளும் கோயம்புத்தூரில். மூன்று வேளையும் ஹோட்டல் சாப்பாடு, அதிலும் சங்கரன்கோவில் பிரியாணி. அந்த வாசத்துக்கு எதிர்த்திசையில் நடக்கிற மன உறுதி இருந்திருந்தால் நான் எப்போதோ சாமியாராகியிருப்பேன். ஒரு வருஷத்துக்குள்ளேயே சட்டைப் பொத்தான்கள் ராஜினாமா செய்ய ஆரம்பித்தன. டாக்டர் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, "சர்க்கரை வாசல்ல நிக்குது, உள்ள கூப்பிட்டுராதீங்க" என்றார்.

அண்ணாச்சியை நான் சந்தித்தது கோவில் வாசலில். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் என் செருப்பை ஒருவர் கையில் தூக்கி வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உம்ம செருப்பா வே?"

"ஆமா, ஏன்?"

"பாவம் வே இது. குதிகால் பக்கத்தைப் பாரும், அப்பளமா ஆயிட்டு. ஒரு பொட்டலம் தாரேன், உமக்காக இல்ல, இந்தச் செருப்புக்காகக் குடியும்."

மற்றவர்கள் நாடி பிடித்துப் பார்ப்பார்கள். அண்ணாச்சி செருப்பைப் பார்ப்பார். தேய்மானத்தை வைத்தே ஆளின் எடை, நடை, ராத்திரி சாப்பிட்ட பரோட்டா வரை சொல்லிவிடுவதாக அவருக்கு நம்பிக்கை. ஒருமுறை புளியங்குடியிலிருந்து ஒரு எலுமிச்சை வியாபாரி வந்தார், கதவை அடைக்கிற உருவம். அவசரத்தில் மச்சினனின் செருப்பை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மச்சினன் ஒல்லிப்பிச்சான். அண்ணாச்சி செருப்பைப் பார்த்தாரே தவிர ஆளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "உடம்புல சத்தே இல்லியே வே! இன்னும் நல்லாச் சாப்பிடணும்" என்று தீர்ப்புச் சொன்னார். இப்படி ஒரு வைத்தியரை ஆயுசிலேயே பார்த்திராத வியாபாரி, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நேரே பிரியாணிக் கடைக்குப் போனார்.

போனில் விளம்பரம் பார்த்து வாங்குகிற மாத்திரைகள் என்றால் அண்ணாச்சிக்கு ஆகாது. எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர் 'இமயமலை மூலிகை' என்று ஒரு டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். அண்ணாச்சி ஒரு கேப்ஸ்யூலை உடைத்து, முகர்ந்து, நாக்கில் வைத்தார்.

"முருங்கைக்கீரை வே! நம்ம ஊரு முருங்கை இமயமலைக்குப் போயிட்டு வந்திருக்கு. யாரு அரைச்சான், என்னத்தைச் சேத்தான், உமக்குத் தெரியுமா? நான் இடிக்கும்போது நீரு வந்து பக்கத்துல நின்னு பாக்கலாம்."

அது முருங்கைதானா என்பது அந்த முருகனுக்கே வெளிச்சம். நண்பர் மட்டும் டப்பாவைத் தூக்கிப் போட்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த ராஜ்ஜியத்துக்கு ஒரு நாள் சோதனை வந்தது, மகன் ரூபத்தில். மகன் கணேசனுக்கு ராயகிரியில் மோட்டார் ரிப்பேர் கடை. நான் டீயும் வடையுமாக மேசைப் பக்கம் நின்றிருந்தபோது பைக்கில் வந்து இறங்கினான்.

"எப்பா, ஊருல எல்லாவனும் சிரிக்கான். தொந்தியைத் தள்ளிக்கிட்டு இளைக்கிறதுக்குப் பொடி விக்கீங்க. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. கடையைக் கட்டிட்டு வீட்டுக்கு வாங்க."

"என் பொடியைக் குடிச்சவன் இளைப்பாம்லே."

"யாரு இளைச்சா? ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு ஆடித் தபசுக்குள்ள இளைச்சுக் காட்டட்டும். நான் வாயே திறக்க மாட்டேன். இல்லன்னா பாட்டிலை எல்லாம் கழுவிக் கவுத்திட்டு ராயகிரிக்கு வந்திரணும்."

"சரிலே" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி வீதியை ஒரு நோட்டம் விட்டார். பார்வை என் வடையில் வந்து நின்றது. இளைத்துக் காட்ட என்னைவிடத் தகுதியான உடம்பு அந்த வட்டாரத்திலேயே இல்லை.

மகன் போனபிறகு, "என்னை விட்டுருங்க அண்ணாச்சி" என்று கும்பிட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ராயகிரில என்ன வே இருக்கு? மருமவ தங்கமான பிள்ளை, நல்லாத்தான் பாத்துக்கிடுவா. ஆனா நாள் பூரா டிவி முன்னால உக்காரணும். இங்கன இருந்தா நாலு பேரு வந்து கேலியாவது பண்ணுதான். அங்க அதுக்கும் ஆளு இல்ல."

சிரிப்பு இல்லாத அவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. சரி என்றேன்.

ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் ஊரே கோவிலைச் சுற்ற ஆரம்பிக்கும். ஆடிச்சுற்று என்று பேர். வேண்டிக்கொண்டவர்கள் நூற்றியெட்டு, அதற்கு மேலும் சுற்றுவார்கள். விடிகாலையில் அண்ணாச்சி என் அறைக் கதவைத் தட்டுவார். ஒரு டம்ளர் வெந்நீரில் சூரணம். வேப்பங்காய் அதற்குத் தூரத்துச் சொந்தம். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்ததும் சுற்றக் கிளம்புவோம்.

திருவிழா நேரம் என்றால் வழியெல்லாம் கடைதான். சுண்டல், பஜ்ஜி, அல்வா, மிட்டாய். நான் எங்கே சறுக்குவேனோ என்று அண்ணாச்சி முன்னால் ஓடிப்போய்க் கடைக்காரர்களிடம், "பின்னால ஒரு நீலச் சட்டை வருது, ஒண்ணும் குடுத்திராதேயும்" என்று எச்சரித்துவிட்டு, திரும்ப என்னிடம் ஓடிவருவார். நான் மூச்சு வாங்கி மண்டபத்தில் உட்கார்ந்தால், ஏதாவது பொட்டலம் வைத்திருக்கிறேனா என்று சட்டைப் பையைத் தடவிவிட்டு, என் பங்குக்கும் சேர்த்து ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார். என் பக்கத்தில் சுற்றிய ஒரு அம்மா, "அவரு அம்மனைக் கும்பிடுதாரா, உங்க வாயைக் கும்பிடுதாரா?" என்று கேட்டேவிட்டார்கள்.

எல்லாம் சரி. ஆனால் அந்தச் சூரணத்தில் ஒரு வில்லங்கம் இருந்தது. குடித்த கொஞ்ச நேரத்தில் பசிக்கும். சாதாரணப் பசி இல்லை, ஆபீஸ் மேசையையே கடித்துவிடலாமா என்கிற பசி. மத்தியானம் அண்ணாச்சி கடையில் இருப்பார், காவல் கிடையாது. நானும் பிரியாணியும் மட்டும்தான். ஒரு பிளேட்டோடு நிறுத்துகிற ஆள், இரண்டாவதற்கும் சொல்ல ஆரம்பித்தேன்.

தபசன்று காலையில் கணேசன் மனைவியோடும் ஸ்கூல் போகிற மகளோடும் வந்துவிட்டான். கூட்டம் கூடியது. நான் மெஷினில் ஏறினேன். முள் கொஞ்சம் யோசித்துவிட்டு, பழைய இடத்தையும் தாண்டிப் போய் நின்றது.

"செல்போனை எடும் வே" என்றார் அண்ணாச்சி. எடுத்தேன். சாவி, பெல்ட், கடைசியில் மூக்குக் கண்ணாடியையும் கழற்றச் சொன்னார். முள் அசையவில்லை.

"நான் என்ன செய்யட்டும் அண்ணாச்சி? இதைக் குடிச்சா அப்படிப் பசிக்குது!" என்றேன், அழாத குறையாக.

அண்ணாச்சி மேசைப் பக்கம் திரும்பினார். ஒரு பாட்டிலை எடுத்துத் துண்டால் துடைத்து மேசைக்கு அடியில் வைத்தார். அடுத்த பாட்டிலுக்குக் கை போனது. போயும் போயும் என் வயிற்றால் ஒரு மனுஷன் ஊரை விட்டுப் போகிறாரே!

கணேசன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் குனிந்து நிமிர்கிறார், மூச்சு வாங்கவில்லை. சட்டை தொளதொளவென்று ஆடுகிறது.

"எப்பா, நீங்க ஏறுங்க."

"நான் எதுக்குலே?"

"ஏறுங்கப்பா."

ஏறினார். பக்கத்துக் கடைக்காரர் முள்ளைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, தொந்தியில பாதியைக் காணலியே!" என்று கத்தினார். நாங்கள் எல்லோரும் அப்போதுதான் சரியாகப் பார்த்தோம். தினமும் பார்க்கிற தொந்தி என்பதால் யாருக்கும் தோன்றவில்லை.

"நீங்களும் பொடி குடிச்சியளாப்பா?" என்றான் கணேசன்.

"சீச்சீ! அந்தக் கசப்பை மனுசன் குடிப்பானாலே?"

வீதியே சிரித்தது, அத்தனை நாள் அதைக் குடித்த ஒருவனைத் தவிர. அண்ணாச்சிக்கு அதற்குள் பொறி தட்டிவிட்டது. மெஷினை விட்டு இறங்காமலே மகனைப் பார்த்தார்.

"ஏலே, நீ என்ன சொன்னே? ஒரு ஆளு இளைச்சுக் காட்டணும்னுதானே? நான் ஆளு இல்லியாலே?"

கணேசன் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, "இப்படியே நடங்கப்பா, எனக்கு அது போதும்" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. குனிந்து, மேசைக்கு அடியில் இருந்த பாட்டிலை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான்.

மருமகள் அதே பாட்டிலைக் கையில் எடுத்தாள். "மாமா, இதைக் குடிச்சா நெசமாவே பசிக்குமா? இவ ஒரு இட்லிய வச்சுக்கிட்டு ஸ்கூல் பஸ்ஸு வாரவரைக்கும் உக்காந்திருக்கா."

மறுநாள் போர்டில் புது பெயின்ட். 'நன்றாகப் பசிக்க ஒரே வழி.' பொடியில் கருப்பட்டி சேர்ந்தது. பிள்ளை சாப்பிடவில்லை என்று புலம்புகிற அம்மாக்கள் சிவகிரியிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். தன் மருந்து தனக்கு எதிராக வேலை செய்ததில் அண்ணாச்சிக்குத் துளி வருத்தமும் இல்லை. "மருந்து அப்பவே சரிதான் வே, போர்டுதான் தப்பு" என்றார்.

எனக்குக் கோயம்புத்தூருக்கே மாற்றல் கிடைத்து வந்துவிட்டேன். இன்றைக்கும் விடிகாலையில் போன் வரும்.

"எந்திச்சாச்சா வே?"

"நடந்துக்கிட்டுத்தான் இருக்கேன் அண்ணாச்சி."

"எங்கன?"

"வடக்கு ரத வீதி திரும்புறேன்" என்பேன், எங்கள் தெருப் பால் பூத்தைத் தாண்டியபடி.

"நானும் பின்னாலதான் வாரேன். மெதுவாப் போம்."

நான் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கிக்கொள்வேன்.