போன தடவை விட்டுக்கொடுத்தது யார்?

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நான்கு பேர்: லிஃப்ட் மெக்கானிக், அவன் மனைவி, அந்த வீட்டிலேயே இருக்கும் அவள் தம்பி, கீழ்வீட்டிலிருந்து கூட்டிவரப்பட்ட செல்போன் ரிப்பேர்க்காரர். நடுவில், பிணம் மாதிரி ஒரு போன்.

விஷயம் இதுதான். அந்த வீட்டில் பெரிய சண்டை வந்தால் விட்டுக்கொடுப்பது முறை வைத்துத்தான். ஒரு தடவை அவன், அடுத்த தடவை அவள். கல்யாணமாகி ஏழு வருடத்தில் பெரிய சண்டை ஒன்றே ஒன்று, அதுவும் முதல் வருடத்திலேயே. இப்போது இரண்டாவது வந்துவிட்டது. அவளுக்குப் பதவி உயர்வோடு வெளியூர் மாற்றல். போனால் அவன் வேலையை விட வேண்டும். போகாவிட்டால் அவள் உயர்வை விட வேண்டும். ஆக, முதல் தடவை விட்டுக்கொடுத்தது யார்?

"நான்தான்," என்றான் மெக்கானிக். "நீ கோவிச்சுக்கிட்டு உங்கப்பா வீட்டுக்குப் போனப்ப மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினேன்ல? அதப் பாத்துட்டுத்தானே வந்த?"

"ஒரு மெசேஜும் வரல. வெக்கத்த விட்டுட்டு நானாத்தான் வந்தேன்."

"அனுப்பினேன்டி!"

"காட்டுங்க. கண்ணால பாத்துட்டா, மாற்றலே வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

அங்கேதான் இடித்தது. இடமில்லை என்று பழைய மெசேஜையெல்லாம் அவனே எப்போதோ அழித்துத் தொலைத்திருந்தான்.

தம்பி கைகொடுக்க வந்தான். "ஒரு ஆப் இருக்கு அத்தான். அழிஞ்சதெல்லாம் எந்திரிச்சு வரும்."

வந்தது. போன வருடத்து விளம்பரங்கள் எல்லாம் வந்தன. நாற்பது லிஃப்டின் வயரிங்கை அவன் பிடித்துவைத்திருந்த படங்கள் போய்விட்டன.

"என்னடா பண்ணின?"

"பதறாதீங்க. ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிடும்."

போட்டதும் போன் பாஸ்வேர்ட் கேட்டது. ஆளுக்கொன்றாகச் சொல்லி, மூன்றும் தப்பானபின் அது வாயை மூடிக்கொண்டது.

அதற்கப்புறம்தான் ரிப்பேர்க்காரர். அவர் போனைப் புரட்டிப் பார்த்தார். "ஏழு வருஷத்துக்கு முந்தி இதையா வச்சிருந்தீங்க?"

"இல்ல, பட்டன் போன்."

"அப்ப இதுல என்னத்தத் தேடறீங்க?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது எவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"சிம் அதேதானே? பட்டன் போன்ல மெசேஜ் சிம்லயும் உக்காரும். அழிச்சாப் போயிடாது. அழிச்சதுன்னு ஒரு குறி விழும், அவ்வளவுதான். அது மேல வேற எழுதற வரைக்கும் உள்ளேயே கெடக்கும்."

மெக்கானிக்குக்குக் கோபம் மறந்துபோயிற்று. லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில் இறங்கினால், போனது போனதுதான் என்று ஜனங்கள் கைகழுவிய சாவியும் ஒற்றைக் கம்மலும் சாவதானமாகக் கிடக்கும். இதுவும் அப்படித்தானா? என்ன எழுதினோம் என்பதே அவனுக்குச் சரியாக நினைவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவளும் கழுத்தை நீட்டினாள்.

ரிப்பேர்க்காரர் சிம்மைக் கழற்றி ஒரு ரீடரில் செருகினார். லேப்டாப் திரையில் வரிகள் ஓடின. நின்றன.

"இருக்கு," என்று உரக்கப் படித்தார். "'தப்பு என் மேலதான். பழச மறந்துட்டு வீட்டுக்கு வந்துடு. இனிமே இது உன் வீடு. உன்ன யாரும் போகச் சொல்ல மாட்டாங்க.'"

"பாத்தியா!" மெக்கானிக் மேஜையில் குத்தினான். தம்ளர் உருண்டது.

அவள் திரையை இரண்டு தடவை படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எனக்கு ஏன் வரல?"

"யாருக்குப் போச்சுன்னும் இருக்கே," என்றார் ரிப்பேர்க்காரர். "மாமனார் வீடு இரண்டு."

"இது என்ன பேரு?"

மெக்கானிக்கின் குரல் இறங்கியது. "கல்யாணத்துக்கு முந்தி சேத்தது. நீ... மாமனார் வீடு ஒன்று."

"ஓகோ. அப்ப போன தடவை விட்டுக்குடுத்தது நான்தான். இப்ப உங்க முறை. நாளைக்கே போய் வேலைய எழுதிக் குடுத்துட்டு வாங்க."

அவன் உருண்ட தம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தான்.

"சரி, இந்த ரெண்டு யாரு?" ரிப்பேர்க்காரருக்கு ஆவல் தாங்கவில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சமயத்தில் தம்பியின் பக்கம் திரும்பினார்கள்.

"அத நம்பித்தானே அத்தான் ஏழு வருஷமா இங்கயே இருக்கேன்?" என்றான் தம்பி. எழுந்து தன் அறைக்குள் போனான். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.